பகடை வாங்கப் போனவர்கள்

கோடை நெருங்கினால் எனக்கு ஏ.சி., ஏர் கூலர் வாங்கி ஏமாந்தவர்களின் புகார்க் கடிதங்கள்தான் வரும். இந்த முறை பாதிக்கு மேல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றியவை. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் ஆட, நடப்பது பாதி பகடையின் கையில் இருக்கும் விளையாட்டு அது. நானும் ஆடுகிறவன் என்று எப்போதோ எழுதித் தொலைத்தேன், அதன் பலன்.

உலோகப் பகடை, ஏழு கொண்ட தொகுப்பு, ₹1,800 கொடுத்து வாங்கினேன். இருபது முகப் பகடையில் சின்ன எண்களே விழுந்தன. உப்புத் தண்ணீரில் போட்டுச் சோதிக்கலாம் என்று படித்து, ஓர் இரவு ஊறவைத்தேன். பூச்சு உரிந்து கறுத்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
– வாசகர், சென்னை

மறுக்கத்தான் செய்வார். அது பிளாஸ்டிக் பகடைக்கான சோதனை. உப்பு கூடினால் பிளாஸ்டிக் மிதக்கும், எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் அடியில் போகும். உலோகம் எந்த உப்பில் மிதக்கும்? பகடை என்ன ஊறுகாயா, இரவெல்லாம் ஊறவைக்க?

இனி வாங்கும்போது ஒன்று பாருங்கள். 20 என்ற முகத்தை ஒட்டி 19 இருந்தால் அது உயிர்ப்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ணுவதற்கான பகடை, உருட்டுவதற்கானது அல்ல. முறையான பகடையில் 20-ஐச் சுற்றி 2, 8, 14 இருக்கும்.

2024-ஆம் ஆண்டுப் பதிப்பு என்று இணையக் கடையில் போட்டிருந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகம் வாங்கினேன். வந்தது 2014-இன் புத்தகம். "பெயர் அதேதானே சார்" என்கிறார் விற்றவர்.
– வாசகர், மதுரை

பெயர் அதேதான். என் வயிற்றெரிச்சலே அதுதான். 1978-இல் அந்தப் பெயரில் முதல் புத்தகம் வந்தது. பிறகு 1989, 2000, 2003, 2008, 2014, 2024. ஒவ்வொரு தடவையும் விதி மாறியது, பெயர் மாறவில்லை. பிரஷர் குக்கர் விற்கிறவர்கூட மாடல் எண் போடுகிறார். ஐம்பது டாலர் விலை வைக்கிற பதிப்பாளருக்கு வாங்குகிறவன் குழம்புவானே என்ற கவலை கிடையாது. பழைய சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் வியாபாரிக்கு இதைவிட வசதி வேண்டுமா?

நானும் ஏமாந்திருக்கிறேன். 2000-க்குப் பிந்தைய விதிகளை வைத்துக்கொண்டு, பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த, ஆட்டமாக நடத்துவதற்கென்றே எழுதிய ஒரு சாகசக் கதையை வாங்கினேன். அது அதற்கு முந்தைய பதிப்புக்கு எழுதியது என்று எனக்குத் தெரியாது. பழைய விதியில் கவச எண் குறையக் குறைய வலிமை. தகட்டுக் கவசமும் கேடயமும் தரித்த வீரனுக்கு 2. 2000-இல் அது தலைகீழானது, எண் கூடக் கூட வலிமை. நான் அந்த 2-ஐ அப்படியே படித்தேன். கோட்டையைக் காக்க நின்ற தளபதியை என் நண்பர்கள் அப்பளம்போல் நொறுக்கிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

உங்கள் வழக்கு வலுவானது. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கம் மாறுவதற்குள் படம் பிடித்து வையுங்கள். பக்க எண்ணிக்கையே சாட்சி: 2014-இன் புத்தகம் 320 பக்கம், 2024-இன் புத்தகம் 384. எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

₹299-க்கு 600 விதிப்புத்தகங்கள் என்று ஒருவர் பென் டிரைவில் விற்றார். பாதி திறக்கவில்லை. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?
– வாசகர், திருப்பூர்

திருட்டுச் சரக்கை வாங்கிவிட்டு உத்தரவாதம் கேட்கிறீர்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள், ஏறக்குறைய 400 பக்கம், 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெளியிட்டது இந்த விளையாட்டின் பதிப்பாளரான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமேதான். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் விதிகளை 'ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். அந்த 400 பக்கத்தை முடித்துவிட்டு மீதி 599-க்கு வாருங்கள்.

கல்லூரித் தோழிகள் நால்வர் சேர்ந்து, இணையம் வழி ஆட்டம் நடத்தித் தருபவர் ஒருவருக்குப் பத்து அமர்வுகளுக்கு ₹8,000 முன்பணம் கொடுத்தோம். மூன்றாவது அமர்வோடு ஆளைக் காணோம். விளையாட்டுக்குக் கொடுத்த பணம்தானே என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வாசகி, கோவை

சிரிக்கட்டும் அம்மா. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்குப் பெயர் சேவை. கதை சொல்வதானாலும் குழாய் ரிப்பேர் ஆனாலும் ஒன்றுதான். ஏழு அமர்வுகளுக்கான ₹5,600 உங்களுடையது. பணம் அனுப்பிய பதிவு, "பத்து அமர்வு" என்று அவர் ஒப்புக்கொண்ட செய்தி, இரண்டையும் அழிக்காமல் வையுங்கள். இன்ன தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று நால்வர் பெயரிலும் எழுதி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915-இல் பதியுங்கள். இனி அமர்வுக்கு அமர்வு காசு. இதற்கிடையில் உங்கள் நால்வரில் ஒருவர் நடத்திப் பாருங்கள். பாதியில் நின்ற கதை பாவம்.

ஆறு பேர் ஆட, பாத்திரங்களாக நிறுத்தி வைக்கும் வண்ணம் தீட்டிய சிறு உருவங்களுக்கு ₹9,000 கேட்கிறார்கள். அவசியமா?
– வாசகர், திருச்சி

புளியங்கொட்டை போதும். பூதத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்.

என் கணவரிடம் பதினான்கு பகடைத் தொகுப்புகள் இருக்கின்றன. ஆட உட்காரும்போது ஒன்றைத்தான் எடுக்கிறார். எப்படி நிறுத்துவது?
– வாசகி, தாம்பரம்

என்னிடம் இருபத்திரண்டு இருக்கின்றன. அதில் ஒன்று, பால் வெள்ளையில் தங்க நிற எண்கள். விளக்கடியில் தூக்கிப் பிடித்துத்தான் 6-ஆ 9-ஆ என்று பார்க்க வேண்டும். அதையும் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். தவறான ஆளிடம் கேட்டுவிட்டீர்கள்.