மிதிப்பதை நிறுத்த முடியாத சைக்கிள்: கேள்வி பதில்

பதினைந்து வருஷமாக ஃபிக்ஸட் கியர்தான் ஓட்டுகிறேன். எனக்கும் நண்பர்களுக்குமாக ஒன்பது சைக்கிள் கட்டியிருக்கிறேன். நகரத் தெருவில் ஓட்டுவது, பழைய ஃபிரேமை ஃபிக்ஸடாக மாற்றுவது, இந்த இரண்டைப் பற்றியும் தாராளமாகக் கேளுங்கள். பந்தயப் பயிற்சி, பேட்டரி சைக்கிள், கார்பன் சக்கரம் எல்லாம் என் துறை இல்லை.

கே: ஃபிக்ஸட் கியருக்கும் சிங்கிள் ஸ்பீடுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஒரே கியர்தானே?

ஒரே கியர்தான். சிங்கிள் ஸ்பீடில் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் டிக்டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு சைக்கிள் உருளும். ஃபிக்ஸடில் பல்சக்கரம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்போடு சேர்ந்து இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். பின்னுக்கு மிதித்தால் சைக்கிள் பின்னால் போகும்.

கே: நாளைக்கு முதல் தடவை ஓட்டப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கால் தானாக நிற்கப் பார்க்கும், அதைக் கவனியுங்கள். பத்து வருஷப் பழக்கம் ஒரே நாளில் போகாது. மேடு தட்டும் இடத்தில் உங்களை அறியாமல் மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கப் பார்ப்பீர்கள். பெடல் அப்போதும் மேலே வந்துகொண்டுதான் இருக்கும். முழங்கால் நீட்டி விறைத்திருக்கும் நேரத்தில் அது உள்ளங்காலில் உதைத்து உங்களை அப்படியே முன்னால் தூக்கும். விழாவிட்டாலும் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடும். அதனால் முதல் வாரம் வண்டி வராத சமதரையில் ஓட்டுங்கள்.

ஷூ லேஸை உள்ளே சொருகிவிடுங்கள். சாதாரண சைக்கிளில் லேஸ், பெடலைத் தாங்கும் கையான கிராங்கில் சுற்றினால் காலை நிறுத்தி எடுத்துவிடலாம். இதில் கால் நிற்காது, ஒவ்வொரு சுற்றுக்கும் லேஸ் இன்னும் இறுகும்.

கே: எத்தனை பல் போடலாம்? 48/16 என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி இன்னும் பல தடவை வரும் என்று தெரியும், அதனால் ஒரே தடவை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் பல்சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுங்கள். 46/17 என்றால் 2.7. பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் 2.7 சுற்று வரும். ரோடு சைக்கிளில் வழக்கமான 700சி அளவு ரிம்மில் 28 மி.மீ. டயர் போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஆக, ஒரு சுற்று மிதித்தால் 5.7 மீட்டர் போவீர்கள். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நகரத்துக்கு இது போதும். மேடு பள்ளம் அதிகமுள்ள ஊர் என்றால் 42/17, இல்லையென்றால் 44/18.

48/16 எனக்குப் பிடிக்காது, இரண்டு காரணம். ஒன்று, கனமான கியர். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் தெருவில் முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். கனமான கியரில் கிளம்புவது எவ்வளவு கஷ்டமோ, காலால் வேகத்தைக் குறைப்பதும் அவ்வளவு கஷ்டம். இரண்டாவது காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

கே: பின் டயர் ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்து நூல் தெரிகிறது. ரிம் கோட்டமா? நானும் 48/16தான்.

ரிம்மில் ஒன்றுமில்லை, கணக்கில்தான் கோளாறு. நீங்கள் ஸ்கிட் அடிக்கிறீர்கள், அதாவது காலால் பெடலை நிறுத்திப் பின்சக்கரத்தைத் தரையில் சறுக்க விடுகிறீர்கள், சரியா? அடிக்கும்போது இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, பழகிய கால் முன்னால் இருக்கும். எப்போதும் அதே நிலைதான். 48ஐ 16ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3. பெடல் ஒரு சுற்று முடித்து அதே நிலைக்கு வரும்போது சக்கரமும் மூன்று சுற்றை முடித்துப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். டயரின் அதே நான்கு விரல் அகலம்தான் ஒவ்வொரு தடவையும் தாரில் உரசுகிறது.

கணக்கு எளிது. பின்னத்தைச் சுருக்குங்கள். கீழே நிற்கும் எண்தான் டயர் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48/16 சுருங்கினால் 3/1, ஒரே இடம். 46/16 என்பது 23/8, எட்டு இடம். 48/17 சுருங்காது, பதினேழு இடம். பின்னால் ஒரே ஒரு பல் கூடினால் டயரின் ஆயுசே மாறுகிறது! இடது, வலது இரண்டு காலையும் மாற்றி மாற்றி முன்னால் வைத்து அடிக்கத் தெரிந்தவருக்கு, சுருக்கிய பின்னத்தில் மேல் எண் ஒற்றைப்படையாக இருந்தால் இடங்கள் இரட்டிப்பாகும். 23/8 அவருக்குப் பதினாறு. பின்னால் 17 பல் உள்ள பல்சக்கரம் ஒன்று வாங்கிப் போட்டால் உங்களுக்குத் தீர்ந்தது.

கே: அண்ணா, வீட்டில் பழைய கியர் சைக்கிள் இருக்கிறது, இரும்பு ஃபிரேம். அதை ஃபிக்ஸடாக மாற்றலாமா?

தம்பி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பின்சக்கர ஆக்சில் உட்காரும் வாயைப் பாருங்கள். அது கிடைமட்டமாகவோ சாய்ந்தோ நீளமாக இருந்தால் பிழைத்தீர்கள். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்க முடியும். வாய் நேர்க்குத்தாகக் கீழே பார்த்திருந்தால் முடியாது. ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னுக்கு அழுத்தும்போது கீழ்ச்செயின்தான் விசையைத் தாங்கும், ஸ்பிரிங் அதைத் தாங்காது.

அடுத்து, பின் ஹப் உட்காரும் இடத்தின் அகலம். ஃபிக்ஸடுக்கென்றே செய்த டிராக் ஹப் 120 மி.மீ. பழைய ரோடு ஃபிரேமில் 126 இருக்கலாம், பிறகு வந்தவற்றில் 130. 126 என்றால் ஆக்சிலில் இரண்டு பக்கமும் 3 மி.மீ. வாஷர் போட்டால் போதும்.

மூன்றாவது, செயின் நேர்கோடு. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து பின் பல் எவ்வளவு தூரமோ, முன் பல்லும் அதே தூரத்தில் இருக்க வேண்டும். டிராக் ஹப்பில் பொதுவாக 42 மி.மீ. இரண்டு பல்தட்டு வைத்த பழைய கிராங்க் என்றால் உள்தட்டு இருக்கும் இடத்தில் முன் பல்லை மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினைப் பாருங்கள். வளைவு கண்ணுக்கே தெரிந்தால் ஓட்டாதீர்கள், ஒருநாள் செயின் கழலும்.

இப்போது முக்கியமானது. பழைய ஃப்ரீவீல் ஹப்பின் மரையிலேயே ஃபிக்ஸட் பல்சக்கரம் ஏறும். அதுதான் ஆபத்து. உண்மையான டிராக் ஹப்பில் இரண்டு மரை உண்டு. பல்லுக்கு வலது மரை, அதற்கு வெளியே லாக்ரிங் என்ற பூட்டு வளையத்துக்கு இடது மரை. நீங்கள் பின்னுக்கு அழுத்தும்போது பல் கழலப் பார்க்கும், ஆனால் அந்தத் திசையில் லாக்ரிங் இறுகும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஃப்ரீவீல் ஹப்பில் இடது மரை கிடையாது. கிராங்க் அச்சு சுற்றும் பாட்டம் பிராக்கெட்டின் லாக்ரிங்கைப் போட்டு, மரைப் பசை தடவிச் சிலர் ஓட்டுவார்கள். அதற்கு வைத்த பெயரே தற்கொலை ஹப்.

என் முதல் சைக்கிளை அப்படித்தான் கட்டினேன். நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு காலை, பாலத்து இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கக் காலை அழுத்தினேன். பெடல் முதலில் கெட்டியாக நின்றது, பிறகு வெண்ணெய் மாதிரி பின்னால் போனது. பல்லும் லாக்ரிங்கும் சேர்ந்து கழன்றுவிட்டன. கால் காற்றில் சுற்றுகிறது, செயின் தொங்குகிறது, கீழே சிக்னலில் பஸ் நிற்கிறது. முன் பிரேக் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

டிராக் ஹப் வாங்குங்கள். பல்லின் மரையில் கிரீஸ் தடவி இறுக்குங்கள், லாக்ரிங்கை இறுக்குங்கள், ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். அந்த விசையில் பல் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அப்புறம் லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள்.

கே: முன் பிரேக் அவசியமே இல்லை. மூணு வருஷமா பிரேக் இல்லாமதான் ஓட்டறேன், கால்தான் பிரேக். பயந்தவங்களுக்குத்தான் லீவர்.

வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறீர்கள். உலர்ந்த தாரில் முன் பிரேக்கைச் சரியாகப் பிடித்தால் 5 மீட்டர் சுமாரில் நிற்கலாம். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேகம் குறையும்போது எடை முன்னுக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? அதிலும் ஸ்கிட் அடிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உடம்பை ஹேண்டில்பார் மேல் சாய்த்து, பின்சக்கரத்தில் இருந்த கொஞ்ச எடையையும் எடுத்துவிட்டுப் பூட்டுகிறீர்கள். பார்க்க நன்றாக இருக்கும். நிற்பதற்கு அது வழி இல்லை.

கே: வேலோட்ரோம்ல, அதான் சைக்கிள் பந்தயத் தடத்துல, யாருக்கும் பிரேக் கிடையாதே? அவங்க மணிக்கு 60 கிலோமீட்டர்ல போறாங்க.

எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். யாரும் கார்க் கதவைத் திறப்பதில்லை, நாய் குறுக்கே வருவதில்லை. முன்னால் போகிறவர் திடீரென்று நிற்கக் கூடாது என்பதற்காகவே அங்கே பிரேக்கைத் தடை செய்திருக்கிறார்கள். தெருவில் முன்னால் போகிறவர் நிற்கத்தான் செய்வார்.

கே (வேறொருவர்): புரூக்ளினில் 2008இல் தொடங்கிய ரெட் ஹுக் கிரைட்டீரியம் தெருப் பந்தயம்தானே? அதிலும் பிரேக் இல்லையே.

அது வளர்ந்தபின் பாதையை அடைத்துத் தடுப்பு வைத்து நடத்தினார்கள். உங்கள் தெருவை யாராவது அடைத்துத் தந்தால் சொல்லுங்கள், நானும் லீவரைக் கழற்றிவிட்டு வருகிறேன்.

கே (இன்னொருவர்): சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஒயர் தொங்கினால் சைக்கிளின் அழகே போய்விடுகிறது.

ஒரே ஒரு ஒயர். திருஷ்டிக்கு இருக்கட்டும்.

கே: மூணு வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலை. அதுக்குப் பதில் சொல்லுங்க.

எனக்கும் நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. செயின் அறுந்தால், கழன்றால், பல் சுழன்றால், கால் பெடலிலிருந்து நழுவினால், இந்த நான்கில் எது நடந்தாலும் உங்களிடம் இருக்கும் ஒரே பிரேக்கும் போய்விடும். கால் வேகத்தைக் கட்டுப்படுத்தும், அதை நானும் நாள் முழுக்கச் செய்கிறேன். ஒரு சிக்னலில் லீவரை அழுத்தாமலே நிற்பேன். ஆனால் விரல் அதன் மேல் இருக்கும். பிரிட்டனில் 1983ஆம் வருஷ விதிப்படி தெருவில் ஓடும் ஃபிக்ஸடுக்கு முன் பிரேக் கட்டாயம், பெடலோடு பிணைந்த பின்சக்கரத்தை இரண்டாவது பிரேக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: முன்சக்கரத்தைப் பிடிக்கும் என் டிராக் ஃபோர்க்கில் பிரேக் மாட்டத் துளை இல்லை. துளை போடலாமா?

கூடாது. துளையுள்ள ஃபோர்க் வாங்கி மாற்றுங்கள். கார்பன் ஃபோர்க் என்றால் டிரில்லை வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.

கே: செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

நடுவில் விரலால் தட்டினால் மேலும் கீழுமாகச் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அசையட்டும். பெடலை மெதுவாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். முன் பல் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை, ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தொங்கும். மிக இறுகும் இடத்தில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கரகரவென்று முனகினால் இறுக்கம் அதிகம்.

கே: செயினைத் துணியால் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றித் துடைக்கலாமா?

கூடவே கூடாது. சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கிறது, பின்சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, துணியின் ஓரம் பல்லில் மாட்டுகிறது. ஃப்ரீவீல் என்றால் பெடல் நின்றுவிடும். இதில் சக்கரத்தின் முழு வேகமும் உங்கள் விரலைப் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் இழுக்கும். விரல் துண்டானவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தை நிறுத்தி, நின்ற செயினில் ஒரு சாண் துடைத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி துடையுங்கள். மேலே செயின் அளவு பார்க்கச் சொன்னேனே, அதையும் நின்ற சக்கரத்தில்தான்.

கே: ஃபிக்ஸடும் சிங்கிள் ஸ்பீடும் ஒன்றுதானே?

முதல் கேள்வியைப் பாருங்கள்.

கே: பெடலில் ஸ்ட்ராப் இல்லாமல் ஓட்டலாமா?

வேண்டாம். இறக்கத்தில் 40 கிலோமீட்டரைத் தொட்டால் 46/17இல் பெடல் நிமிடத்துக்கு 117 சுற்று. கால் ஒரு தடவை நழுவினால் திரும்ப வைக்க முடியாது, முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடி விழும். காலால் வேகத்தைக் குறைக்கும்போதும் ஒரு கால் அழுத்த, மறுகால் பெடலை மேலே இழுக்க வேண்டும். ஸ்ட்ராப் இல்லாமல் எதை இழுப்பீர்கள்?

கே: திருப்பத்தில் பெடல் தரையில் தட்டியது.

175 மி.மீ. நீளக் கிராங்க் போட்டிருப்பீர்கள். 165க்கு மாறுங்கள், திருப்பத்தில் சைக்கிளைக் குறைவாகச் சாய்த்து ஓட்டுங்கள். உள்பக்கப் பெடலை மேலே நிறுத்தி வைக்கும் வசதி இதில் இல்லை.

கே: முழங்கால் வலிக்கிறது.

கியரைக் குறையுங்கள், சீட் உயரத்தைப் பாருங்கள், இரண்டு வாரத்தில் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை.

கே: சிக்னலில் கால் ஊன்றாமல் நிற்பது எப்படி?

லேசான ஏற்றம் பார்த்துப் பழகுங்கள். பெடல் இரண்டும் இணையாக இருக்கட்டும், முன்சக்கரத்தை முன்னால் இருக்கும் காலின் பக்கம் திருப்புங்கள். அரை விரற்கடை முன்னுக்கு, அரை விரற்கடை பின்னுக்கு. கண் தரையில் வேண்டாம், தூரத்தில் எதையாவது பாருங்கள்.

கே: பேட்டரி மாட்ட முடியுமா?

வேறு யாரையாவது கேளுங்கள்.

கே: சார், எத்தனை பல் போடலாம்?

46/17. பெயரையும் 46/17 என்று மாற்றிக்கொள்ளப் போகிறேன்.