எஸ்தோனியாவின் பழைய பணத்தாள்கள்: வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரு உலகப் போர்களுக்கு இடையில் எஸ்தோனியா தனிநாடாக இருந்தபோது வெளியிட்ட பணத்தாள்களைச் சேர்க்க விரும்புகிறேன். இணையத்தில் விற்பவர்கள் ஏறத்தாழ எல்லாத் தாள்களையும் 'மிக அரியது' என்றே விளம்பரம் செய்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: விற்பவர் எழுதியிருக்கும் 'அரியது' என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, தாள் எந்த நாணய முறையைச் சேர்ந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் முதலில் பாருங்கள். 1918 பிப்ரவரி 24 அன்று சுதந்திரத்தை அறிவித்த எஸ்தோனியாவில் 1927 முடிய மார்க் என்ற நாணயம் இருந்தது. ஒரு மார்க்குக்கு 100 பென்னி. 1928 ஜனவரி 1 முதல் 100 மார்க்குக்கு ஒரு குரோன் என்ற கணக்கில் புதிய நாணயம் வந்தது.

புதிதாகத் தொடங்குபவர் குரோன் தாள்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வகைகள் குறைவு: 1928, 1937 ஆகிய ஆண்டுகளின் 10 குரோன், 1929-இன் 5 குரோனும் 50 குரோனும், 1932-இன் 20 குரோன், 1935-இன் 100 குரோன். இவற்றோடு மேலச்சிட்ட (பழைய மார்க் தாளின் மேல் புதிய மதிப்பை அச்சிட்ட) ஒரு குரோன் தாளையும் சேர்த்தால் வரிசை நிறைந்துவிடும். ஓவியர் குந்தர் ரைந்தோர்ஃப் வடிவமைத்த இத்தாள்களில் மீனவர், கொம்பு ஊதும் இடையர், கொல்லர் என்று பெரும்பாலும் உழைக்கும் மக்கள் இடம்பெற்றிருப்பதால், எண்ணிக்கை குறைந்த தொகுப்பும் பார்வைக்கு நிறைவாக இருக்கும். கிடைப்பதும் எளிது. 1940-இல் நாடு சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டபின் ஒரு குரோனுக்கு 1.25 ரூபிள் என்று மாற்று விகிதம் வைத்து, 1941-இல் குரோனைப் புழக்கத்திலிருந்து நீக்கினார்கள். மாற்றப்படாமல் தங்கிவிட்ட தாள்கள் இன்றும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே பலமுறை மடிக்கப்பட்டு, ஓரம் கிழிந்த 10 குரோன் தாளுக்கு அதிக விலை கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. பொறுத்திருந்தால் அதைவிட நல்லது கிடைக்கும்.

மார்க் தாள்கள் சற்றுச் சிக்கலானவை. ஈஸ்தி பாங்க் என்ற மைய வங்கி 1919 பிப்ரவரி 24 அன்று நிறுவப்பட்டது. ஆனால் பணத்தாள்களை அது மட்டுமே வெளியிடவில்லை. தலைப்பில் 'பங்காதாஹ்த்' என்று இருந்தால் அது வங்கித்தாள். 'கஸ்ஸாதாஹ்த்' என்று இருந்தால் அரசுக் கருவூலத்தின் தாள். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1919-இல் ஐந்து விழுக்காடு வட்டி தரும் கடன் பத்திரங்களும் பணமாகவே கைமாறின. இவை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு 'முதல் எஸ்தோனியப் பணம்' என்று விற்பவரிடம், உலகப் பணத்தாள் பட்டியல் நூலில் அந்தத் தாளுக்குரிய வரிசை எண்ணான பிக் எண் என்ன என்று கேளுங்கள். அவர் தரும் எண் தாளின் ஆண்டோடும் தலைப்போடும் பொருந்தாவிட்டால் விலகிவிடலாம். சிறிய பென்னி தாள்கள் மலிவானவை என்பதால் அவற்றைப் புழங்காத, அதாவது மடிப்போ தேய்வோ இல்லாத, நிலையில் மட்டுமே வாங்குங்கள். 500, 1000 மார்க் தாள்களைப் பொறுத்தவரை அந்தப் பிடிவாதம் உங்கள் பணப்பைக்குத் தாங்காது.

கேள்வி: '1923-இல் வெளியான முதல் குரோன்' என்ற விளக்கத்தோடு ஒரு தாள் ஏலத்துக்கு வந்திருக்கிறது. 100 மார்க் தாளின் மேல் குரோன் என்று அச்சிடப்பட்டுள்ளது. நம்பலாமா?

பதில்: அப்படி ஒரு தாள் உண்டு, விளக்கம்தான் தவறு. 1923 என்று ஆண்டு குறித்த 100 மார்க் தாளின் மேல் 'ஊக்ஸ் குரோன்', அதாவது ஒரு குரோன், என்று அச்சிட்டு 1928-இல் வெளியிட்டார்கள். அறியாமையால் எழுதப்பட்டிருந்தால் அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

மேலச்சுத் தாள்களில் எங்குமே ஓர் இடர் உண்டு: அடியில் இருக்கும் தாள் உண்மையானதாகவும், மேலச்சு மட்டும் பிற்காலத்ததாகவும் இருக்கக்கூடும். பழைய தாள்கள் புற ஊதா விளக்கின் கீழ் மங்கலாகவே இருக்க வேண்டும், பளிச்சென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால் ஐயம் கொள்ள வேண்டும் என்பது பொதுவான சோதனை. ஆனால் இந்த வகைப் போலியை அது காட்டிக்கொடுக்காது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் மேலச்சு எழுத்துகள் மடிப்பைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். உண்மையான தாளில் அச்சுக்குப் பிறகே மடிப்பு விழுந்திருக்கும். ஆகவே மடிப்பில் மையும் உடைந்து தேய்ந்திருக்கும். உடைந்த நார்களுக்குள் மை இறங்கி ஊறியிருந்தால், தாள் பழசானபின் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். எழுத்துகளின் விளிம்பில் பல வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது கணினி அச்சுப்பொறியின் வேலை. விற்பவர் இந்த இடங்களின் நெருக்கமான படங்களைத் தர மறுத்தால் ஏலம் கேட்காதீர்கள்.

கேள்வி: நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். தாலின் நகரிலுள்ள ஒரு வணிகரின் இணையக் கடையில் 'புழங்காதது' என்று குறிப்பிட்ட 20 குரோன் தாளை வாங்கினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடுவே மெல்லிய கோடு தெரிகிறது. திருப்பித் தர முடியுமா?

பதில்: அந்தக் கோடு பெரும்பாலும் அழுத்தி நேராக்கிய மடிப்பாகவே இருக்கும். எடைவைத்து அழுத்தினால் மடிப்பு மறைந்ததுபோல் தோன்றும். ஆனால் முறிந்த நார் ஒட்டாது. அத்தகைய தாளைப் புழங்காதது என்று விற்பது சரியல்ல.

நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் நுகர்வோர், விற்றவர் அதே ஒன்றியத்தின் வணிகர், வாங்கியது இணையவழியில் என்பதால், தாள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலேயே கொள்முதலை விலக்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்தில் தெரிவியுங்கள், விலையையும், வழக்கமான அனுப்புச் செலவையும் வணிகர் திருப்பித் தர வேண்டும். அவரே ஏற்பதாகச் சொல்லியிருந்தால் தவிர, திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக உங்களுடையது. இந்த உரிமை இருப்பதை அவர் உங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை என்றால் காலக்கெடு மேலும் 12 மாதம் நீளும். தனிநபரிடம் வாங்கியிருந்தாலோ, நேரில் கலந்துகொள்ள வாய்ப்பளிக்கும் பொது ஏலத்தில் வாங்கியிருந்தாலோ இந்த விலக்கல் உரிமையை நம்ப முடியாது. அப்போது விளக்கத்துக்குப் பொருந்தாத பொருள் என்ற அடிப்படையில் முறையிட வேண்டும். தாளை உறையிலிருந்து எடுத்துக் கையாண்டு பழுதாக்கினால் மதிப்புக் குறைவு உங்கள் தலையில் விழும் என்பதால், படம் எடுத்துவிட்டு அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: 1929-ஆம் ஆண்டின் 50 குரோன் தாளை எஸ்தோனிய மைய வங்கியில் கொடுத்து யூரோ பெற முடியுமா?

பதில்: முடியாது. ஈஸ்தி பாங்க் காலவரம்பின்றி மாற்றித் தருவது 1992 ஜூன் 20 அன்று மீண்டும் வந்த குரோன் தாள்களைத்தான்; விகிதம் ஒரு யூரோவுக்கு 15.6466 குரோன். போருக்கு முந்தைய தாளுக்குச் சேகரிப்பாளர் தரும் விலை மட்டுமே உண்டு. விற்கும்வரை பி.வி.சி. உறையில் வைக்காமல், பாலியெஸ்டர் உறையில் வையுங்கள், பி.வி.சி.யிலிருந்து கசியும் வேதிப்பொருள் தாளைக் கெடுக்கும்.