கோடம்பாக்கத்தில் லைட் தூக்கியவரிடம் கேளுங்கள்

குமரி மாவட்டம் கடியபட்டணம் சொந்த ஊர். எண்பதுகளில் சென்னைக்குப் போய் லைட்மேனாக வேலை பார்த்தேன், சங்க வேலையும் பார்த்தேன். ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

குளச்சலிலிருந்து: அண்ணாச்சி, கடற்கரைப் பையனுக்கு சினிமா ஆசை எப்படி வந்தது?

பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் வந்தது, எடுத்தது எங்கள் பக்கத்து ஊரான முட்டத்தில். ஊரே நடிகர்களைப் பார்க்கப் போயிற்று. நான் ரிஃப்ளெக்டர் பிடிப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைக் கொஞ்சம் சாய்த்தால் வெயில் அப்படியே முகத்தில் போய் விழும், மேகம் நகர்ந்தால் அவர்களும் கூடவே நகர்வார்கள். காற்றும் நீரோட்டமும் பார்த்து வள்ளம் இறக்குகிற வீட்டில் பிறந்தவனுக்கு இது நம்மால் முடிகிற வேலை என்று பட்டது, அவ்வளவுதான்.

தக்கலையிலிருந்து: லைட்மேன் வேலை என்றால் லைட்டைப் போட்டு அணைப்பதுதானே?

இல்லை மக்கா. அப்போது ஆர்க் லைட். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும். எரிய எரியக் குச்சி கரையும், இடைவெளி கூடும், ஒருவர் பக்கத்திலேயே நின்று கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, திருகித் திருகிக் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெளிச்சம் துடிக்கும், ஷாட் போச்சு. புகை நெஞ்சுக்குள் இறங்கும். ஸ்டுடியோவில் கூரைக்கடியில் பலகை கட்டியிருப்பார்கள், லைட்டைக் கயிற்றில் மேலே இழுத்துக் கட்டிவிட்டு அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருப்போம், கீழே டைரக்டர் பேக்கப் சொல்கிற வரைக்கும். இன்று எல்இடி வந்து சூடு குறைந்திருக்கிறது. உயரம் குறையவில்லை.

பூதப்பாண்டியிலிருந்து: சினிமாக்காரர்களுக்கு எதற்கு சங்கம்?

பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருகிறதே! சினிமாக்காரர் என்றதும் நமக்கு நடிகர் நினைவுதான் வருகிறது. லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், செட் போடும் தச்சர், டிரைவர், சமையல் எல்லாம் தினக்கூலிக்காரர்கள். கல்கத்தாவிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் இவர்களை ஒன்றுசேர்க்கப் பாடுபட்டார்கள், அந்த வழியில் வந்ததுதான் பெப்சி என்கிற தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். நாகர்கோவில்காரர்கள் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான், இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பேசுங்கள்.

சினிமாத் தொழிலாளர்களுக்கென்று 1981இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் தளத்தில் நடந்தது என்ன? “நாளைக்கு வந்துடு” என்று வாய்வார்த்தை. ஒரு கம்பெனி பாதிப் படத்தில் மூட்டை கட்டிவிட்டது, பேட்டா பாக்கி, கூலி பாக்கி. கேட்கப் போனால் “நீ எங்கள் படத்தில் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி?” என்றார்கள். அன்றிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் நான் பேசியது ஒன்றேதான்: பெயரும் தேதியும் கூலியும் தாளில் ஏற வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: 1997 ஸ்ட்ரைக் தேவையா? வயிற்றில் அடித்துக்கொண்டதுதானே மிச்சம்?

பெப்சி ஒரு பக்கம், இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்த படைப்பாளிகள் கழகம் ஒரு பக்கம் என்று பிரிந்து மாதக்கணக்கில் வேலை நின்றது. வீட்டில் அவள் நகையை அடகு வைத்துத்தான் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினாள். நான் பெப்சி பக்கம் நின்றேன், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் எதிர்ப் பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர்கள் எங்களைவிடக் குறைவாகச் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களையும் எங்களையும் மோதவிட்டது இன்றும் மனதை அறுக்கிறது.

தூத்தூரிலிருந்து: ஐயா, ஒக்கி நேரத்தில் உங்களைக் குழித்துறையில் பார்த்தேன். சினிமா சங்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி தம்பி. 2017 நவம்பர் 30ஆம் தேதி புயல். ஆழ்கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், யார் யார் என்று அதிகாரிகளிடம் முழுப் பட்டியல் இல்லை. பங்கு ஆலயங்களில்தான் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். நானும் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்து கணவன் பெயரைச் சொன்னாள், படகின் பெயரைச் சொன்னாள், உடன் போனவர்கள் பெயரைக் கேட்டபோது ஒருவரை ஜாடை மட்டும்தான் சொல்லத் தெரிந்தது, வடக்கே இருந்து வேலைக்கு வந்த பையன். அவனுக்காக யார் வந்து கேட்பார்கள்? டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் நாம் உட்கார்ந்தது தேடுதலுக்காக மட்டுமில்லை, போனவர்களைக் கணக்கில் எடு என்பதற்காகவும்தான். காணாமல் போனவர் இறந்ததாகக் கருத 7 ஆண்டு என்கிறது சட்டம். அதுவரை அந்த வீடுகள் எப்படிச் சாப்பிடும்? சண்டை போட்டுத்தான் அந்தக் காத்திருப்பைத் தளர்த்த வைத்தோம்.

இனயத்திலிருந்து: துறைமுக எதிர்ப்பில் இருந்தீர்களா?

இருந்தேன். இனயத்தில் துறைமுகம் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் இடத்தைக் கன்னியாகுமரி பக்கத்துக் கோவளம், மணக்குடி பக்கம் மாற்றப் பார்த்தார்கள். அங்கே இருப்பதும் நம் ஆட்கள்தானே.

மார்த்தாண்டத்திலிருந்து: மாமா, என் மகன் லைட் யூனிட்டில் சேர வேண்டும் என்று நிற்கிறான். விடலாமா?

விடு. ஆனால் சில விஷயம் சொல்லி அனுப்பு. சங்கக் கார்டுக்குப் பணம் கட்டினால் ரசீது வாங்க வேண்டும். ஒவ்வொரு கால்ஷீட்டையும் தேதி, இடம், கம்பெனி போட்டு எழுதிவைக்க வேண்டும். இரவு ஷூட்டிங் முடித்துவிட்டுத் தூங்காமல் காலையில் உயரத்தில் ஏறச் சொன்னால் முடியாது என்று சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே கிரேன் விழுந்து மூன்று பேர் ஒரே இடத்தில் போனார்கள், அது பெரிய நடிகர் படம் என்பதால் ஊருக்குத் தெரிந்தது. தெரியாமல் போனவர்கள் உண்டு. அவன் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் கடியபட்டணம் வரச் சொல், பழைய ஒப்பந்தத்தாள் ஒன்று வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடும் முன் எந்த வரியை வாசிக்க வேண்டும் என்று காட்டித் தருகிறேன்.