கேளுங்கள், திருகிப் பார்த்துச் சொல்கிறேன்

கேள்வி: அம்மா, போன வாரம் என் சின்த் ப்ளகினை, அதாவது பதிவு மென்பொருளுக்குள் ஓடும் மென்பொருள் வாத்தியத்தை, அப்டேட் செய்தேன். ஆறு மாதங்களுக்கு முன் முடித்த பாட்டைத் திறந்தால் நடுவில் விசில் மாதிரி ஏதோ வீறிடுகிறது. நான் எதையும் தொடவில்லை. கணினி கெட்டுவிட்டதா?

பதில்: கணினிமேல் பழி போடாதீர்கள். இதே விசிலை நானும் கேட்டிருக்கிறேன். ஒரு குறும்படத்தின் பின்னணி இசையை மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் 'புதிய பதிப்பு தயார்' என்று திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. கை சும்மா இருக்குமா? அழுத்திவிட்டேன். 43ஆவது நொடியில் ஒலியை வடிகட்டும் ஃபில்டர் மெல்லத் திறந்து ஒலி மலர வேண்டும். அதற்குப் பதிலாகக் காதைத் துளைக்கும் ஊதல் ஒன்று கிளம்பியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வீசினேன்.

விஷயம் இதுதான். பாட்டு ஓடும்போது ஒரு குமிழ் தானாகத் திரும்ப நாம் கோடு வரைந்து வைக்கிறோமே, அந்த ஆட்டோமேஷன், விஎஸ்டி2 என்னும் பழைய ப்ளகின் வகையில், குமிழின் பெயரைப் பார்ப்பதில்லை, வரிசை எண்ணைத்தான் பார்க்கிறது. ஃபில்டர் எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது கட்-ஆஃப், அந்த இடத்து ஒலியை எவ்வளவு தூக்குகிறது என்பது ரெசனன்ஸ். ரெசனன்ஸ் 13, கட்-ஆஃப் 14, நீங்கள் கோடு வரைந்தது கட்-ஆஃபுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளகின் செய்தவர் புதிய பதிப்பில் 'டிரைவ்' என்று ஒரு குமிழைச் சேர்க்கிறார். அதைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தால் வம்பே இல்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று 13ஆம் இடத்தில் நுழைத்துவிட்டால் ரெசனன்ஸ் 14க்குத் தள்ளப்படும். பாட்டுக்கு அது தெரியாது. பழையபடி 14ஆம் எண்ணைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ரெசனன்ஸ் உச்சிக்குப் போனால் பல ஃபில்டர்கள் தாமே கூவத் தொடங்கும். உங்கள் விசில் அநேகமாக அங்கிருந்துதான் வருகிறது.

ஆட்டோமேஷன் தடத்தைத் திறந்து, அந்தக் கோடு இப்போது எந்தக் குமிழின் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தப்பான பெயரில் இருந்தால் கோட்டை அப்படியே நகலெடுத்துக் கட்-ஆஃபில் ஒட்டுங்கள். அன்று இரவு ஒரு மணிவரை நான் செய்த வேலை அதுதான். பழைய பதிப்பின் நிறுவல் கோப்பு கையில் இருந்தால் இவ்வளவு சிரமம் தேவையில்லை. அதைத் திரும்ப நிறுவிவிடலாம். ஆகவே அந்தக் கோப்புகளை அழிக்காதீர்கள். பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு சின்த் தடத்தையும் வேவ் கோப்பாக மாற்றிப் பாட்டுடன் சேர்த்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த அப்டேட் வந்தாலும் அந்தத் தடம் அசையாது.

கேள்வி: புதிய பதிப்பை நிறுவியதும் பழைய பாட்டுகளில் 'ப்ளகினைக் காணவில்லை' என்று வருகிறது. ஆனால் பட்டியலில் அதே பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே!

பதில்: பெயர் ஒன்றாக இருக்கலாம், ஆள் வேறு. ப்ளகின்களைப் பதிவு மென்பொருளுடன் இணைக்கும் விஎஸ்டி முறையை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் கொண்டுவந்தது. மென்பொருள் வாத்தியங்களுக்கு வழிவிட்ட விஎஸ்டி2 1999இலும், விஎஸ்டி3 2008இலும் வந்தன. விஎஸ்டி2வுக்குப் புதிதாக உரிமம் தருவதை அந்த நிறுவனம் 2018இல் நிறுத்தியதால், பலர் விஎஸ்டி3 வடிவத்தை மட்டுமே இப்போது தருகிறார்கள். பழைய வகையில் ஒரு ப்ளகினுக்கு நான்கு எழுத்து அடையாளம், புதிய வகையில் 128 பிட் அடையாளம். உங்கள் பாட்டு அந்த நான்கெழுத்துக்காரரைத் தேடுகிறது. அவரோ வீட்டைக் காலி செய்துவிட்டார்.

'பழைய அவர்தான் இவர்' என்று ப்ளகினுக்குள் எழுதிவைக்க வழி உண்டு. ப்ளகின் செய்தவர் அப்படி எழுதிவைத்திருக்க வேண்டும், உங்கள் பதிவு மென்பொருளும் அதை மதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் நாம்தான் கைவேலை பார்க்க வேண்டும். பழைய பதிப்பை மீண்டும் நிறுவிப் பாட்டைத் திறங்கள். ஒலியை ப்ளகினின் சொந்த ப்ரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) பட்டியலில் சேமியுங்கள். பதிவு மென்பொருளின் பட்டியலில் சேமித்தால் அது புதியவருக்குத் தெரியாமல் போகலாம். பிறகு விஎஸ்டி3 பதிப்பை அதே தடத்தில் போட்டு அந்த ப்ரீசெட்டை அழையுங்கள். ஆட்டோமேஷனை மட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 32 பிட் ப்ளகினை விட்டு 64 பிட்டுக்கு மாறினால் ஒலித்தரம் இரண்டு மடங்கு ஆகுமா?

பதில்: ஆகாது தம்பி. அந்த எண் நினைவகத்தைப் பற்றியது. 32 பிட் நிரல் 4 ஜிபிக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். நீங்கள் மேக் வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2019இல் வந்த கேட்டலினா முதல் அதில் 32 பிட் நிரல்கள் ஓடுவதில்லை.

கேள்வி: அறுபதை நெருங்குகிறேன். 4கே திரை வாங்கியதிலிருந்து எனக்குப் பிடித்த சின்த் தபால்தலை அளவில் தெரிகிறது. குமிழை மவுஸால் திருப்பினால் நினைத்த இடத்தில் நிற்பதே இல்லை. ஒன்று எட்டவில்லை, இல்லையென்றால் தாண்டிவிடுகிறது. எனக்குத்தான் கை நடுங்குகிறதா?

பதில்: உங்கள் கை நன்றாகத்தான் இருக்கும். முதலில் திரை. பழைய ப்ளகின்களின் முகப்பு வெறும் புகைப்படம், இத்தனை புள்ளி அகலம் என்று நிலையாக வரையப்பட்டது. 1920 புள்ளி அகலத் திரையில் பாதி இடம் பிடித்த படம் 3840 புள்ளி அகலத்தில் கால்வாசி இடத்துக்குச் சுருங்கிவிடும். ப்ளகினின் வலது கீழ் மூலையை இழுத்துப் பாருங்கள். பெரிதாகவில்லை என்றால் அதன் மெனுவில் சதவீதக் கணக்கில் பெரிதாக்கும் வசதியைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், நான் அப்டேட்டைப் பரிந்துரைக்கும் அபூர்வமான சந்தர்ப்பம் இது.

இப்போது குமிழுக்கு வருவோம். கட்-ஆஃப் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது என்றால் அது ஏறக்குறைய பத்து ஆக்டேவ், அதாவது 120 அரைச்சுரங்கள். குமிழ் முழுதாகத் திரும்ப மவுஸ் 200 புள்ளி நகர வேண்டும் என்று வையுங்கள். மவுஸ் ஒரு புள்ளி நகர்ந்தாலே கட்-ஆஃப் அரைச்சுரத்தில் பாதிக்கு மேல் தாவுகிறது. அதில் நினைத்த இடத்தில் நிறுத்த யாரால் முடியும்? கீபோர்டிலுள்ள நிஜக் குமிழைக் கட்டிவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. கீபோர்டு கணினியோடு பேசும் மொழிதான் மிடி. சாதாரண மிடி கட்டுப்பாடு 0 முதல் 127 வரையுள்ள படிகளில்தான் பேசுகிறது. ஒரு படிக்கு ஏறக்குறைய ஓர் அரைச்சுரம். மெதுவாகத் திருப்பினால் சில ப்ளகின்களில் படிக்கட்டில் இறங்குவது காதில் விழும். நல்ல ப்ளகின்கள் நடுவில் மெழுகிவிடும்.

பெரும்பாலான ப்ளகின்களில் ஷிஃப்ட் அல்லது கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் குமிழ் நிதானமாக நகரும். பலவற்றில் இருமுறை சொடுக்கினால் தொடக்க நிலைக்குத் திரும்பும். வேறு சிலவற்றில் அதே சொடுக்கு எண்ணைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டத்தைத் திறக்கும். இதில் எல்லோரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றினால் என்ன? ஆளுக்கொரு விசை! என் மேசையில் ப்ளகினுக்கு ஒரு துண்டுச்சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொரு புலம்பலையும் இறக்கி வைத்துவிடுகிறேன். மரப்பலகை, திருகாணி, துருப்பிடித்த ஓரம் என்று வரைந்த காலத்தில் நானும் கேலி செய்தவள்தான். இப்போது எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் தட்டையாக்கி, ஒலியை மெல்ல அலைக்கும் எல்எஃப்ஓவை மூன்றாவது தாவலில் ஒளித்து வைக்கிறார்கள். எட்டு வருடமாக யோசிக்காமல் இடது கீழ் மூலைக்குப் போன என் கை, புதிய முகப்பில் இன்னமும் அங்கேதான் போகிறது. அங்கே இப்போது நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது.

கேள்வி: பழைய பெட்டியில் என் அண்ணனின் டிஎக்ஸ்7 ஒலிகள் என்று ஒரு கோப்பு கிடைத்தது. கீபோர்டு எப்போதோ போய்விட்டது. கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் சுலபமாக. யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்த் கீபோர்டு வெளிவந்தது 1983இல். முகப்பு எளிமை பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்: 16 எழுத்து வீதம் இரண்டு வரி காட்டும் ஒரு சின்னத் திரை, தட்டையான பொத்தான்கள், மதிப்பை மாற்ற ஒரே ஒரு நகர்த்தி. அதில் ஒலி அமைக்கப் பொறுமை போதாது, பிடிவாதம் வேண்டும். ஆனால் அது ஒலிகளை எழுதி வைத்த முறை வெளிப்படையானது. அதனால் டெக்செட் என்ற இலவச ப்ளகின் இன்றும் அதைப் படிக்கிறது. கோப்பின் பெயர் எஸ்ஒய்எக்ஸ் என்று முடிகிறதா, அளவு 4,104 பைட்டா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அதில் 32 ஒலிகள் இருக்கும். பெயர்களும் அப்படியே வரும், ஒவ்வொன்றும் பத்து எழுத்துக்குள். அண்ணன் அவற்றுக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.