கிலோ வினாடி என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

மில்லி வினாடி, மைக்ரோ வினாடி எல்லாம் சர்வசாதாரணம். கிலோ வினாடி, மெகா வினாடி மட்டும் காதில் விழுவதே இல்லையே. தப்பா?

தப்பே இல்லை. எஸ்ஐ என்ற சர்வதேச அளவீட்டு முறையில் நேரத்தின் அடிப்படை அலகு வினாடி. அதற்கு முன்னால் கிலோ, மில்லி என்று எந்த முன்னொட்டையும் போடலாம். கிலோ வினாடி என்றால் 16 நிமிடம் 40 வினாடி. மெகா வினாடி, அதாவது பத்து லட்சம் வினாடி, பதினொன்றரை நாளுக்குச் சற்று மேல். ஆனால் நாம் நாளை வைத்துத்தான் வாழ்கிறோம், ஒரு நாளில் இருப்பதோ 86,400 வினாடி. பத்து, நூறு, ஆயிரம் என்று அது அடங்காது. வினாடிக்குக் கீழே நிமிடம், மணி மாதிரி பழைய குடித்தனக்காரர்கள் யாரும் இல்லை. மில்லியும் மைக்ரோவும் சுலபமாகக் குடியேறிவிட்டன.

மாற்றிப் பார்க்காமலும் இல்லை. புரட்சிக்கால பிரான்ஸ் 1793-ல் நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 வினாடி என்று சட்டமே போட்டது. 1795 ஏப்ரலில் அதை நிறுத்தி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மீட்டரையும் கிராமையும் கொண்டுவந்த அதே சட்டத்தில்தான் இந்த நிறுத்தமும் இருந்தது!

'மில்லி மணி', 'கிலோ நிமிடம்' என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. நிமிடம், மணி, நாள் மூன்றையும் எஸ்ஐயோடு சேர்த்துப் பயன்படுத்தலாம், முன்னொட்டு மட்டும் போடக்கூடாது என்பது விதி. ஆண்டு எஸ்ஐ அலகே இல்லை. ஆனாலும் நிலவியல்காரர்கள் மெகா ஆண்டு, கிகா ஆண்டு என்று எழுதுகிறார்கள். அவர்கள் கணக்குக்கு வேறு வழியில்லை. விளையாட்டாக 'மைக்ரோ நூற்றாண்டு' என்பவர்களும் உண்டு. நூற்றாண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சுமார் 52.6 நிமிடம். கல்லூரியில் ஒரு பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கரண்ட் பில்லில் வரும் கிலோவாட் மணி?

அதில் வரும் 'கிலோ', வாட்டுக்கு உரியது, மணிக்கு அல்ல. 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். போன் பேட்டரியின் 5,000 மில்லி ஆம்பியர் மணியும் இதே கதைதான்.

நானோ வினாடி எவ்வளவு சின்னது? மனதில் பிடிபடவே இல்லை.

அமெரிக்கக் கடற்படையில் இருந்த கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பருக்கும் இதே தலைவலி. அவர் கண்ட வழி: சுமார் 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளை வெட்டி, கூட்டத்தில் ஆளுக்கொன்று கொடுப்பார். ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஒளி வெற்றிடத்தில் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். மைக்ரோ வினாடிக்கு? கிட்டத்தட்ட 300 மீட்டர் கம்பியைச் சுருளாகத் தூக்கிக் காட்டுவார். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால், அதிலிருந்து கணக்கிடும் தூரமும் அதே 300 மீட்டர் பிசகும். இதற்கெல்லாம் கீழே, ஒரு வினாடியை 1-க்குப் பின் 18 சுழியம் போட்டு வகுத்தால் அட்டோ வினாடி. அந்த அளவிலான ஒளித் துடிப்புகளுக்காகத்தான் 2023 இயற்பியல் நோபல் கிடைத்தது.

கிகா வினாடி எங்காவது உதவுமா?

கணினிக்குள் உண்டு. யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் கடிகாரம் 1970 ஜனவரி 1 முதல் வெறும் வினாடிகளாக எண்ணுகிறது. அது நூறு கோடியை, அதாவது ஒரு கிகா வினாடியைத் தொட்டது 2001 செப்டம்பர் 9, இந்திய நேரம் காலை 7:16:40-க்கு. உங்கள் கிகா வினாடிப் பிறந்தநாள் வேண்டுமா? 31 வயது முடிந்து எட்டு மாதம் கழித்துப் பாருங்கள்.