மூளை ரத்தக்குழாய் ஆராய்ச்சிக்கு எம்.பி.பி.எஸ். மட்டும்தான் வழியா?

உங்கள் மகள் +2வில் உயிரியல் பிரிவு. ஹார்மோன்கள் மூளையின் ரத்தக்குழாய்களை எப்படிச் சுருக்கி விரிக்கின்றன என்று ஆராய ஆசைப்படுகிறாள். நீட்டில் மதிப்பெண் வராவிட்டால் கதவு மூடிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். மூடாது. ஆனால் அந்த வேலை எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வாசோபிரஸினையே எடுத்துக்கொள்வோம். ஹைப்போதலாமஸில் உருவாகும், 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோன். சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க உதவுவது என்றுதான் பாடத்தில் படித்திருப்பாள். எலி மூளையின் நுண்தமனியைத் தனியே எடுத்துச் சோதித்தால், மிகக் குறைந்த செறிவில் குழாய் விரிகிறது. செறிவைக் கூட்டினால் சுருங்குகிறது. குழாய்ச் சுவரின் தசைச் செல்லில் இருக்கும் வி1 ஏற்பியை (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) ஹார்மோன் தொட்டால் உள்ளே கால்சியம் உயர்ந்து தசை இறுகும். உட்சுவரான எண்டோதீலியத்தைத் தூண்டினால் நைட்ரிக் ஆக்சைடு வெளிவந்து தசை தளரும். இரண்டில் எதன் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்தது குழாயின் அகலம். அழுத்தம் மாறாதபோது விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த ஓட்டம் சுமார் 34 சதவீதம் குறையும். ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது.

இனி லேப் வேலை. சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடி கனமுள்ள குழாயை நுண்ணோக்கியின் கீழ் பிரித்தெடுத்து, இரு முனைகளையும் கண்ணாடி நுண்குழல்களில் செருகி, மெல்லிய நைலான் இழையால் கட்ட வேண்டும். 37 டிகிரி உப்புக்கரைசல், பி.எச். 7.4, உள்ளே 60 மி.மீ. பாதரச அழுத்தம். ஒரு மணி நேரம் போலக் காத்திருந்தால் குழாய் தானாகவே ஓரளவு இறுகும். இறுகாத குழாயில் ஹார்மோனைப் போட்டு ‘விரியவில்லை’ என்று எழுதுவது தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. ஏற்கெனவே முழுக்கத் தளர்ந்தது இன்னும் எங்கே விரியும்? அதனால்தான் முதலில் கரைசலை பி.எச். 6.8க்கு இறக்கி விரிகிறதா, 7.65க்கு ஏற்றிச் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி ஓடினால் எண்டோதீலியம் உரிந்துபோகும். சுருக்கம் மட்டும் மிஞ்சும். கட்டாமல் விட்ட கிளைக்குழாய் கசிந்தால் அழுத்தம் நிற்காது. மிக நீர்த்த கரைசலில் ஹார்மோன் பாத்திரச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அல்புமின் என்ற புரதத்தைச் சேர்க்காவிட்டால் நாம் போட்டதாக நினைக்கும் அளவு குழாயைச் சென்றடையாது. விலங்குகளைப் பயன்படுத்த நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். எலியைக் கையாள மனம் ஒப்புமா என்று இப்போதே அவளிடம் கேளுங்கள். பிஎச்.டி. நடுவில் இந்தக் கேள்வி வந்தால் ஆண்டுகள் வீணாகும்.

வழிகளுக்கு வருவோம். பி.எஸ்சி. விலங்கியல் அல்லது உயிர்வேதியியல் படித்து, தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் முதுநிலை சேரலாம். பி.பார்ம். முடித்து, ஜிபேட் என்ற பார்மசி தகுதித் தேர்விலும் நைப்பரின் நுழைவுத் தேர்விலும் தேறி, நைப்பர் எனும் தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் மருந்தியல் படிப்பதும் நல்ல வழி. இதில் வேலைவாய்ப்பின் கை கொஞ்சம் ஓங்கியே இருக்கும் என்பது என் கணிப்பு. ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் சேர்வதும் ஒரு வழி. அதன் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகளில் 15 கணிதம்; கணிதமில்லாத குரூப்பில் படிப்பவள் இதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2, பிஎச்.டி. சுமார் 5: மொத்தம் 10 ஆண்டுகள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டுவாடகைப் படி தனி. ஆனால் 28 வயதுக்கு முன் நிரந்தர வேலை எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் கடன் இருந்தால் பி.பார்ம். பக்கம் சாய்வதே நல்லது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலையை மட்டும் நம்பியும் இறங்க வேண்டாம். அங்கே ஆசிரியர்களில் மருத்துவர் அல்லாதோர் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்ற விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பொறுமையான வேலை அவளுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க, விண்ணப்பம் போடுமுன் பள்ளி லேபில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பர்மாங்கனேட் கரைசல் 1 மி.லி., தண்ணீர் 9 மி.லி.; அதிலிருந்து மீண்டும் 1 மி.லி. என்று ஆறு முறை. ஒவ்வொரு முறையும் பிப்பெட்டைக் கழுவி, செறிவைக் கணக்கிட்டு எழுதட்டும். அடுத்த நாள் அதையே திரும்பச் செய்யட்டும். இரண்டு வரிசையின் நிறமும் ஒத்துப்போகிறதா, மூன்றாம் நாளும் செய்ய அவளே கேட்கிறாளா என்று கவனியுங்கள்.