எல்லை தாண்டி நடக்கவிருக்கும் குழந்தைத் திருமணம்: என்ன செய்யலாம்?

வணக்கம். கடலூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குப் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் அருகே கோயிலில் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகவும், இரு பக்கக் காவல் நிலையங்களும் "எங்கள் எல்லையில்லை" என்று கைவிரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன்படி இத்திருமணத்தை முன்னின்று நடத்துவதும் ஊக்குவிப்பதும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்கள். அத்தகைய குற்றம் எங்கு நிகழ்ந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

ஆயினும் காவல் நிலையத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்து, திருமண நாள், கோயில், சிறுமியின் பள்ளி ஆகியவற்றைச் சொல்லுங்கள். கடலூர் மாவட்டச் சமூக நல அலுவலரே அங்கு குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்; அவரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள், நகலைப் புதுச்சேரிக் குழந்தை நலக் குழுவுக்கும் அனுப்புங்கள். இரண்டு நிர்வாகங்களும் தாமாகப் பேசிக்கொள்ளும் என்று காத்திருக்க நேரமில்லை.

மிக வலுவான வழி குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. விவரமறிந்த எவரும் நீதித்துறை நடுவரிடம் முறையிடலாம். அவர் தடையாணை பிறப்பித்த பின் அதை மீறி நடக்கும் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது. திருமண அழைப்பிதழ் அச்சாகியிருந்தால் அதன் படத்தையும் மனுவுடன் இணையுங்கள். சிறுமியின் பெயரை இங்கே எழுத வேண்டாம்.